ஒரு சொட்டு உலோகமும் புக்கிட் பெலிம்பிங் மடையும்

நாங்கள் விற்கிற சுவிட்சின் பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. தும்மினால் மேசைக்கு அடியில் படுத்துத் தேட வேண்டும். எள்ளை விடச் சின்னது. அதற்குள் தலைமுடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால், வாய்க்காலில் ஒரு சொட்டு உலோகம். கெட்டியாக இருக்காது, ஓடும். சர்க்யூட் ஒரு தள்ளு தள்ளினால் சொட்டு இந்தப் பக்கம் ஓடி வந்து இரண்டு கம்பிகளைச் சேர்த்து வைக்கும். மறு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கம் ஓடிப் பிரித்து வைக்கும். சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டும்தான் வேலை. எங்கள் தெருவில் இந்த வேலைக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

அந்தச் சுவிட்சைச் சர்க்யூட் பலகையோடு சேர்த்து ஒட்டுகிற அம்பத்தூர் பட்டறை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் கணக்குப் பாடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு வாய்க்கால் மடைக்கு எங்கள் பலகையைப் பொருத்த எஞ்சினியர் சார்தான் போவதாக இருந்தது. கிளம்புகிற வாரம் அவருக்கு அம்மை போட்டுவிட்டது. பட்டறையில் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு ஆள் நான் ஒருவன்தான். துபாய் போய்ப் பணக்காரன் ஆவதற்காக எடுத்து வைத்தது.

முதலாளி கூப்பிட்டு, "மூணு கம்பிய மாட்டணும், டப்பா மூடிய மூடணும், அப்புறம் உன் வாய மூடணும். அவ்வளவுதான்டா வேலை" என்றார். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

பலகை கப்பல் பார்சலில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓடுகிற உலோகத்தைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அலுமினியத்தைக் கண்டால் அது பிய்த்துத் தின்றுவிடும், விமானமோ முழுக்க அலுமினியம். அதனால் என் பையில் சால்டரிங் இரும்பும் பூதக்கண்ணாடியும் அம்மா கட்டிக் கொடுத்த வெங்காய வடகமும்தான். அங்கே சுங்க அதிகாரி சால்டரிங் இரும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடகத்தை மட்டும் நாலு முறை முகர்ந்தார்.

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் என் பெயர் இல்லை. 'சுவிட்ச்' என்று எழுதியிருந்தது.

"நீதான் சுவிட்சா?"

"சுவிட்ச் பார்சல்ல வந்துடுச்சுண்ணே. நான் அதோட வயரு."

சிரித்தான். அவன் பெயர் குமார். முப்பது வயது, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். மடைக்காக எங்களைக் கூப்பிட்ட செல்வி அக்காவின் தம்பி. அண்ணே என்று நான் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். லோரி கிளம்பிய கால் மணி நேரத்தில் டேய் என்றாகிவிட்டது. அவன் வாயில் எதற்கும் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும், அந்த ஊர்ப் பழக்கம்.

"ஏறு லா. பாத்து உக்காரு, சீட்டுல முள்ளு குலை கெடக்கு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். செம்பனைக் குலை பார்க்கப் பெரிய பலாப்பழத்துக்குக் கோபம் வந்தது போல இருக்கும். உட்கார்ந்து பார்த்தாலும் அப்படித்தான். கோல சிலாங்கூரில் என் முதல் ஒரு மணி நேரம் நின்றபடியே கழிந்தது.

ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான். நம் பரோட்டாதான், ஆனால் ஜிம்முக்குப் போய் உடம்பைக் குறைத்த பரோட்டா. டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கழுத்தில் கயிறு கட்டி, ஒரு ஸ்ட்ராவைச் செருகித் தருகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் திருவிழாவில் தங்கமீன் வாங்கிய பையன் மாதிரி இருக்கிறது. பக்கத்து மேசையில் இரண்டு மலாய்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். குமார் காதைக் கொடுத்துக் கேட்டு, எனக்குத் தமிழில் சொன்னான்: "'சனிக்கிழமை தண்ணீர் கரை ஏறும், வலையெல்லாம் மேலே தூக்கிக் கட்டு' என்கிறார் ஒருவர். 'போன முறை மாதிரியா?' என்கிறார் மற்றவர். 'அதை விடப் பெரிசு.'"

குமார் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டான். ஏன் என்பது செல்வி அக்கா வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

செல்வி அக்காவின் வீடு புக்கிட் பெலிம்பிங்கில். நாற்பத்தைந்து வயது இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தவர். தோட்டம் கைமாறியதும் வெளியே வந்து, ஆற்றோரத்தில் விவசாயிகள் சங்கத்து நிலத்தில் காய்கறி போடுகிறார். என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அது பதிலே இல்லை என்பது போல ஒரு தட்டு சோறும் நெத்திலி சம்பாலும் வைத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"ஏன் தம்பி நிக்கிறே? உக்காரு."

"அது உக்காராதுக்கா," என்றான் குமார். "குலை மேல உக்காந்துருச்சி."

பிறகு மடையைக் காட்டக் கூட்டிப் போனார். ஒரு பக்கம் ஆறு. கடல் ஏறும்போது ஆற்றில் உப்புத் தண்ணீர் மேலே வரும். மறு பக்கம் வாய்க்கால், அதன் இரு கரையிலும் பன்னிரண்டு குடும்பத்தின் காய்கறி நிலம். நடுவில் ஒரு இரும்புக் கதவுதான் மடை. ஆறு ஏறினால் கதவு இறங்க வேண்டும், ஆறு இறங்கினால் கதவு ஏறி மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். முதலில் கைச்சக்கரம் சுற்றினார்கள், குடும்பத்துக்கு ஒரு முறை வைத்து. முறைக்காரர் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். உப்பு உள்ளே வந்தது. அடுத்து மோட்டார் வைத்து, மிதவை வைத்து, சாதாரண சுவிட்ச் வைத்தார்கள். சுவிட்சின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு பல்லி போய் உயிரை விட்டது. மறுபடியும் உப்பு.

செல்வி அக்கா மிளகாய்ச் செடிகளைக் காட்டினார். முழங்கால் உயரம், பூ வைத்திருந்தது. பக்கத்தில் கத்தரி, பயத்தங்காய்.

"மடைக்கு மொத நெலம் என்னுது, உப்பு வந்தா மொதல்ல எனக்குத்தான். இது மூணாவது நடவு தம்பி. மூணு தடவ தொடர்ந்து வெள்ளாமை போச்சின்னா நெலத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துரணும். சங்கத்து சட்டம். நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போ நமக்கெல்லாம் எங்க வரப்போவுதுன்னு நெனச்சேன்."

"அடுத்த ஆள் யாருக்கா?"

"தலைவரோட மருமகன்," என்றான் குமார், செடியைப் பார்த்துச் சொல்வது போல.

அக்காவின் மகன் ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. பல்லியும் எறும்பும் உப்புக்காற்றும் போக முடியாத சுவிட்ச் ஒன்று இருக்கிறது என்று அவன்தான் சொன்னானாம். அக்கா சங்கத்துக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று, இதுதான் வேண்டும் என்று வாதாடி வாங்க வைத்திருக்கிறார். ஆக, சனிக்கிழமை மடை மூடாவிட்டால் மிளகாய் போகும், நிலம் போகும், அவர் பேச்சும் போகும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, எள்ளை விடச் சின்னதாக, என் சட்டைப்பைப் பூதக்கண்ணாடியை நம்பி அந்தச் சுவிட்ச் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலையில் பொருத்தினேன். பூதக்கண்ணாடியில் சொட்டைக் காட்டியதும் செல்வி அக்கா, "பாதரசம் மாதிரி இருக்கே, வெஷமாச்சே" என்றார்.

"அது பாதரசத்தோட தங்கச்சிக்கா. அக்கா மாதிரி இல்ல, நல்ல பொண்ணு. முழுக்கக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சிருக்கோம். பல்லியென்ன, பல்லியோட பேச்சுகூட உள்ள போகாது."

சங்கத் தலைவர் ராமையா அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி முழுக்க மூன்று பட்டை விபூதி, கண்ணில் சந்தேகம். "சைனா பொருளா?" என்றார்.

"அம்பத்தூர்ண்ணே."

"அது எங்க இருக்கு?"

"சென்னையில புழுதி எங்கேர்ந்து கிளம்புதோ, அங்க."

அவர் சிரிக்கவில்லை. மிதவையைக் கையால் தூக்கச் சொன்னார். தூக்கினேன். உள்ளே சொட்டு நகர்ந்தது, மோட்டார் முனகியது, மடை இறங்கியது. மிதவையை விட்டேன், ஏறியது. பத்து முறை செய்து காட்டினேன். பதினோராவது முறை அவரே செய்து பார்த்தார், சின்னப் பிள்ளை லிஃப்ட் பொத்தானை அமுக்குவது போல.

எங்கள் பட்டறையில் எந்தப் பலகை வெளியே போனாலும் அட்டைப்பெட்டியில் முதலாளி ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். இங்கேயும் அதே ஆட்கள்தானே. செல்வி அக்கா தேங்காய், கற்பூரம், கோயில் விபூதி எல்லாம் தயாராக வைத்திருந்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பூசையைத் தொடங்கினோம். அக்கா டப்பா மூடிமேல் வெளியே சந்தனம் வைத்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு குடும்பம் வேடிக்கை பார்க்கிறது, நான் வெளிநாட்டு நிபுணர், எனக்குக் கை சும்மா இருக்குமா?

"சட்டை மேல பொட்டு வச்சா எப்படிக்கா? நெத்தி உள்ள இருக்கு" என்று மூடியைத் திறந்தேன். விபூதியை உள்ளங்கையில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற மூன்று கம்பி முனைகளுக்கு மேலே மூன்று விரலால் ஒரே இழுப்பு. கச்சிதமாக இருந்தது. ராமையா அண்ணனே, "பரவால்ல, பக்தி இருக்கு" என்றார். மத்தியான வெயிலில் பூசிய வேகத்தில் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. மூடியை மூடி, மின்சாரம் கொடுத்தேன். மூன்று மணிக்கு ஆறு ஏறியபோது மடை தானாக மூடியது. கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் வாழை இலையில் சுற்றிச் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தான் குமார். மூன்று மீன் சாப்பிட்டேன். முதலாளிக்கு 'வெற்றி' என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினேன்.

வியாழக்கிழமை விடியலில் செல்வி அக்கா என் கதவைத் தட்டவில்லை, குத்தினார்.

மடை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முழம் இறங்கும், அரை முழம் ஏறும், நின்று யோசிக்கும், மறுபடி இறங்கும். பந்தியில் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாத சம்பந்தி மாதிரி. புல்லெல்லாம் பனி, காற்றில் ஈரம். அக்கா மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். அரை மணி நேரம் சுற்ற வேண்டும்; நல்லவேளை, ஆறு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. நானும் குமாரும் கை மாற்றினோம். மடை முழுக்க இறங்கியபோது அக்காவின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோப்பி குடிக்கிறியா தம்பி?" என்றார்.

வெயில் ஏறியதும் மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பத்து முறை தூக்கினேன், பத்து முறையும் ஒழுங்காக இறங்கி ஏறியது. எஞ்சினியர் சாருக்குப் போன் போட்டேன். அவர் அம்மா எடுத்தார். "அம்மா இறங்கியிருக்கா வீட்டுல. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அவன் போனைத் தொடக் கூடாது" என்று வைத்துவிட்டார். எப்போது தண்ணீர் ஊற்றுவார்கள் என்று இன்னொரு முறை போன் போட்டுக் கேட்டேன். சனிக்கிழமை காலையில்.

சொந்த மூளை மட்டும்தான் மிச்சம். அதை வைத்துக் கண்டுபிடித்தேன்: மோட்டார் சங்கிலி தேய்ந்து வழுக்குகிறது.

பழைய சங்கிலி கலும்பாங்கில் கிடைக்கும் என்றான் குமார். அதுவரை மடையை மூடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை லோரியில் கிளம்பினோம். வழி முழுக்கச் செம்பனை. வகுப்புக்கு வெளியே முட்டிபோட வைத்த பையன்கள் போல வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே முகத்தோடு. ஒரு மணி நேரம் பார்த்தால் நமக்கே முட்டி வலிக்கும்.

கலும்பாங்கில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் ஒரு சீனத் தாத்தா. போனில் நான் எடுத்து வந்த மடைப் படத்தைப் பார்த்துவிட்டு, சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "சங்கிலி நல்லா இருக்கு லா. வழுக்குனா ஒரு பக்கந்தான் வழுக்கும். ஏறி எறங்கி ஆடாது. வேற எங்கயோ கோளாறு."

"இல்ல அங்கிள், எங்க கம்பெனி பலகையில கோளாறு வராது."

அவர் குமாரைப் பார்த்து, "இந்தியாலேர்ந்து இதச் சொல்லவா வந்திச்சி?" என்றார். சங்கிலியை விற்கவே மனமில்லாமல் விற்றார். அப்படி ஒரு வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது டயர் போனது. ஒரு வாழைப்பழப் பஜ்ஜிக் கடை ஓரமாக நிறுத்தினோம். என்ன ஊர் என்று கேட்டேன்.

"அம்பாங் பெச்சா. அம்பாங்னா அணை. பெச்சான்னா ஒடைஞ்சிருச்சி. பழைய கோல குபு டவுனு இங்கதான் இருந்திச்சி. அணை ஒடைஞ்சி தண்ணியில போச்சி."

"மடை ரிப்பேருக்கு வந்தவனக் கொண்டாந்து நிறுத்துற ஊராடா இது?"

"டயர்கிட்ட கேளு லா."

கடைக்கார மலாய் அம்மா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். இவன் தண்ணீர் மடைகளில் பெரிய நிபுணன், இந்தியாவிலிருந்து வரவழைத்திருக்கிறோம் என்று குமார் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னதை அவன் சிரிப்புக்கு நடுவில் மொழிபெயர்த்தான்: "கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறார்." பஜ்ஜி இரண்டு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார், ஆறுதலுக்கு.

சாயங்காலம் சங்கிலியை மாற்றினேன். ஒழுங்காக ஓடியது. செல்வி அக்கா ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் போய் நின்று, ஒரு செடியை மட்டும் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த செடி அது.

சனிக்கிழமை விடியலில் மடை மறுபடி ஆடியது. மறுபடி அக்கா, மறுபடி கைச்சக்கரம். இந்த முறை ராமையா அண்ணனும் வந்து பார்த்துவிட்டார். "பெரிய தண்ணி சாயங்காலம் ஆறு மணிக்கு. மத்தியானம் எல்லாரும் மடைக்கு வந்துருங்க. பேசி முடிச்சிருவோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பேச என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு எஞ்சினியர் சார் வீடியோவில் வந்தார். முகமெல்லாம் வெள்ளை மருந்து, தலைக்குப் பின்னால் வேப்பிலை. ஒரு சின்ன அம்மன் கோயிலோடு பேசுவது போல இருந்தது. வெயிலில் ஒழுங்காகவும் பனியில் கிறுக்காகவும் நடக்கிறது என்றதும், "ஈரம்டா. எங்கியோ ஈரத்துல கரண்ட் கசியுது. கம்பி முனையக் காட்டு" என்றார். மூடியைத் திறந்து காட்டினேன்.

"அது என்னடா வெள்ளையா?"

"உங்க மூஞ்சி சார். மருந்து."

"பலகையிலடா!"

குனிந்து பார்த்தேன். மூன்று முனை, மூன்று விரல், மூன்று பட்டை. காய்ந்த சாம்பலில் மின்சாரம் போகாது. ஈரம் குடித்த சாம்பலில் நடுமுனையிலிருந்து இரண்டு பக்கமும் கசியும். மூடு என்றும் திற என்றும் ஒரே சமயத்தில் கட்டளை வந்தால் சொட்டு என்ன செய்யும், பாவம்? இங்கேயும் அங்கேயும் ஓடியிருக்கிறது. பல்லி போகாத இடத்தில் பக்தி போய்விட்டது.

எஞ்சினியர் சார் ஐந்து நிமிடம் பேசினார். அதில் அச்சில் போடக்கூடியது, "துடைச்சுத் தொலை" என்பது மட்டும்தான். அடுத்து முதலாளியின் குரல் செய்தி வந்தது: "தப்பு நம்மளோடதுன்னு மட்டும் சொல்லிடாதே. சாஃப்ட்வேர்ல சின்ன மாத்தம் பண்ணேன்னு சொல்லு. ஏதாச்சும் கேட்டா இங்கிலீஷ்ல பேசு."

இங்கிலீஷ் தெரிந்தால் பேசியிருக்க மாட்டேனா? ஆனாலும் யோசனை பிடித்திருந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, நிபுணனாகவே ஊர் திரும்பலாம். பல் துலக்கும் பிரஷ்ஷையும் டவுனில் தேடி வாங்கிய ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு மடைக்குத் திரும்பியபோது மத்தியானமாகிக் கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டது.

ராமையா அண்ணன் கையில் கம்பி வெட்டுகிற குறடு. "ரெண்டு நாளு ஆடிருச்சி. இன்னிக்குப் பெரிய தண்ணி. வயர வெட்டிட்டுக் கைச்சக்கரம் சுத்துவோம். காவலுக்கு முறை வச்சிப்போம்."

"மொத முறை யாருண்ணே?" என்றார் செல்வி அக்கா.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். "நம்ம மருமகன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மருமகன் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் ஒன்னும் சொல்லல," என்றார் அக்கா. "ஆனா போன தடவ முறைக்காரரு கல்யாணத்துக்குப் போனாரு. இந்தச் சுவிட்சுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல, கல்யாணத்துக்குப் போவாது."

"போவாது. ஆனா ஆடுதே செல்வி? நீ சொன்னேன்னுதானே வாங்குனோம்? இப்ப யாரு பொறுப்பு?"

அக்கா வாயைத் திறந்தார். பதில் என்னிடம் இருந்தது, பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக. குறடு கம்பிப் பக்கம் போனது.

"அண்ணே, வெட்டாதீங்க. சுவிட்சு நல்ல சுவிட்சு. நான்தான் நல்லவன் இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். மூடியைத் திறந்து காட்டினேன். மிதவையைத் தூக்கினேன், மடை ஒழுங்காக இறங்கியது. "இப்போ வெயிலு, காஞ்சிருக்கு. இப்பப் பாருங்க" என்று விரலில் தண்ணீர் தொட்டு விபூதிப் பட்டைமேல் தெளித்தேன். மடை ஆடத் தொடங்கியது. ஏறி, இறங்கி, நின்று, யோசித்து. மின்சாரத்தை நிறுத்தினேன்.

"அன்னிக்குப் பூசையில அக்கா வெளிய மட்டுந்தான் வச்சாங்க. உள்ள பட்டை போட்டது நான். ரெண்டு நாளா சங்கிலி மேல பழியப் போட்டு கலும்பாங் வரைக்கும் போய்ட்டு வந்ததும் நான்தான்."

ராமையா அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். அவர் பட்டைகளும் சேர்ந்து சுருங்கின. "அப்போ விபூதி குத்தம்னு சொல்ல வர்றே?"

"விபூதி மேல என்னண்ணே குத்தம்? அது நெத்திக்கு வந்தது. பலகைக்குக் கூப்புட்டவன் மேலதான் குத்தம்."

குமார் வெடித்தான். "டேய்! ரெண்டு நாளா நாங்க சக்கரம் சுத்துனதுக்கு உன் பக்திதான் காரணமாடா?" கூட்டமே சிரித்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகனும் சிரித்தார். செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தொடச்சிட்டா சரியாயிருமா?" என்றார்.

"சரியாயிரும்கா. ஆனா முனைமேல ஈரம் படாம ஏதாச்சும் பூசணும். நகத்துக்குப் பூசுற பாலீஷ் இருந்தாக்கூடப் போதும்."

அக்கா வீட்டுக்குப் போய் ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். தீபாவளிக்கு வாங்கியதாம். ரத்தச் சிவப்பு. பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்து, மூன்று முனைக்கும் சிவப்பு பூசினேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய கை மாதிரி ஆனது. அது காய்ந்ததும் மின்சாரம் கொடுத்து, மறுபடி தண்ணீர் தெளித்தேன். ஆடவில்லை.

"சரி," என்றார் ராமையா அண்ணன். "குறடு என் கையிலயே இருக்கட்டும். ஒரு ஆட்டம் ஆடுனாலும் வெட்டிருவேன்."

நாலு மணிக்கு மழை பிடித்து ஐந்தரைக்கு விட்டது. எனக்கென்றே அனுப்பியது போல ஊரில் இருக்கிற ஈரமெல்லாம் அந்த டப்பாவைச் சுற்றி நின்றது. ஆறு பழுப்பாகப் பெருகி வந்தது. சேற்று மீன்கள் கரைமேல் துள்ளித் துள்ளி இடம் மாறின. மிதவை மெல்ல எழும்பியது. மோட்டார் முனகியது. மடை இறங்கியது. ஒரே சீராக, யோசிக்காமல். நான் மூச்சு விட்டேன்.

அப்போது நின்றது. அடியில் ஒரு சாண் மிச்சம். அந்தச் சாண் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே சுழித்தது.

"ஆடல," என்றார் ராமையா அண்ணன், "ஆனா மூடவும் இல்ல." குறட்டைத் தூக்கினார்.

"அண்ணே, இருங்க! அடியில என்னமோ சிக்கியிருக்கு. பாரம் தெரிஞ்சதும் அதுவே நிக்கும். மேல தூக்கிட்டு மறுபடி எறக்கும், மூணு தரம்."

செல்வி அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, குலை தள்ளுகிற நீளக் கொக்கியை எடுத்துக் கரையில் சறுக்கி இறங்கினார். குமார் பின்னாலேயே போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மடை தானாக ஒரு முழம் மேலே ஏறியது. தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே பாய்ந்தது. அக்கா கொக்கியைக் குத்தி இழுத்தார். ஆற்றோர நீப்பாப் பனையின் மட்டை ஒன்று, ஆள் நீளம், அரைவாசி வந்து மாட்டிக்கொண்டது. மடை மறுபடி இறங்கத் தொடங்கியது.

"அக்கா, மேல வாங்க! அது நமக்காக நிக்காது!"

"நிக்க வேணாம், எறங்கட்டும்!" என்று ஒரு வெட்டு இழுப்பு. மட்டை பிய்ந்துகொண்டு வர, அக்காவும் குமாரும் சேற்றில் மல்லாந்தார்கள். மடை அடியில் போய் டங்கென்று உட்கார்ந்தது. சுழிப்பு நின்றது. வெளியே ஆறு ஏறிக்கொண்டே இருந்தது, உள்ளே வாய்க்கால் அசையவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு உப்பு உள்ளே வந்தது என்று யாருக்குத் தெரியும்?

செல்வி அக்கா சேறோடு எழுந்து, மடையைத் தாண்டி உள்பக்கம் தன் மிளகாய்க்கு நேரே போய்க் குந்தினார். விரலை வாய்க்காலில் முக்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். துப்பினார்.

"சப்புன்னு இருக்கு."

ராமையா அண்ணன் நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, அவரும் ஒரு விரல் நக்கினார். பிறகு மருமகன். பிறகு ஒவ்வொரு குடும்பமாக, தங்கள் தங்கள் நிலத்துக்கு நேரே. டீ நிறத் தண்ணீரில் விரல் விட்டு நக்கிவிட்டு, "சப்பு", "இங்கயும் சப்பு" என்று கரை நெடுகச் சொல்லிக்கொண்டே போனார்கள். நானும் நக்கினேன். தவளை வாசம் அடித்தது.

ராமையா அண்ணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குறட்டின் வாயை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "ராத்திரி இது எத்தன மணிக்குத் தொறக்கும்?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, செல்வி அக்காவிடம் கேட்டார்.

அக்கா முந்தானையால் முகத்துச் சேற்றை வழித்தார்.

"தண்ணி எறங்குனா அதுவே தொறக்கும்ணே. மருமகன எழுப்பாதீங்க, தூங்கட்டும்."